புயலுக்கு எழுதிய திட்டம் மழைக்கு உதவுமா?

வாசகர் கேள்வி பதில்

தொழில் பாதுகாப்பு குறித்த இந்தப் பகுதிக்கு இம்முறை இராமநாதபுரம் கடலோரத்திலிருந்துதான் அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அவற்றுக்கு விடை சொல்லிவிடுவது நல்லது என்பதால் இந்த இதழில் வேறு ஊர்க் கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

மண்டபம் ஊரில் நண்டும் கணவாயும் வாங்கிச் சுத்தம் செய்து ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்பும் சிறிய கூடம் நடத்துகிறோம். 2020இல் புரெவிப் புயல் வந்து போன பிறகு நானும் என் மைத்துனரும் உட்கார்ந்து ஓர் அவசரகாலத் திட்டம் எழுதினோம். ஒவ்வொரு வரியும் 'புயல் எச்சரிக்கை வந்தவுடன்' என்றே தொடங்கும். 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவும் இல்லாமலே மழை கொட்டியது. கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, தரையில் வைத்திருந்த ஜெனரேட்டர் மூழ்கி, இருந்த சரக்கெல்லாம் கெட்டுப்போயிற்று. திட்டம் எழுதியதே வீண் வேலை என்கிறார் மைத்துனர். அவர் சொல்வது சரிதானா?
— மண்டபம் வாசகர்

அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அவர் வந்திருக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. திட்டம் எழுதியதில் தவறில்லை. ஒரு நிகழ்ச்சியின் பெயரைத் தலைப்பாக வைத்து எழுதியதால், அந்தப் பெயர் காதில் விழாத நாளில் அந்தத் தாளை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று காலை தொடங்கிய 24 மணி நேரத்தில் இராமேஸ்வரத்தில் சுமார் 44 செ.மீ., தங்கச்சிமடத்தில் சுமார் 34 செ.மீ., பாம்பனில் சுமார் 28 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 80 செ.மீ. அளவுக்கே மழை பெறும் மாவட்டத்தில், ஓர் ஊர் ஒரே நாளில் அதில் பாதிக்கு மேல் பெற்றுவிட்டது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் செய்திக்காகக் காத்திருந்த எந்தத் திட்டமும் அன்று வேலை செய்திருக்காது.

நீங்கள் அடிப்படையாகக் கொண்ட புரெவியும் கணித்தபடி நடந்துகொள்ளவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு இலங்கையின் திருகோணமலைக் கரையைக் கடந்த அது, மன்னார் வளைகுடாவுக்குள் வந்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையேறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் வலுவிழந்து, இராமநாதபுரம் கரைக்கு அருகிலேயே ஒரு நாளுக்கு மேல் ஏறக்குறைய நகராமல் நின்றுவிட்டது. மிகப் பெரிய மழையோ தொலைவில் சிதம்பரம், கொள்ளிடம் பக்கம் பெய்தது. புயல் வந்து ஒரே இரவில் கடந்துபோகும் என்று கணக்கிட்டு ஐஸும் டீசலும் வாங்கி வைத்தவர்களுக்கு, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உண்மையான சோதனை.

ஆகவே திட்டத்தைக் கிழித்துப் போடாதீர்கள். தலைப்புகளை மட்டும் மாற்றுங்கள். எது வரும் என்பதை விட்டுவிட்டு, எது இல்லாமல் போகும் என்று எழுதுங்கள். உங்கள் கூடத்தில் இல்லாமல் போகக்கூடியவை மின்சாரம், ஐஸ், சாலை, வேலையாட்கள், நல்ல தண்ணீர், தொலைபேசி என்று எண்ணிவிடக்கூடிய சிலவே. புயல், மழை, மின்மாற்றிப் பழுது, மறியல், நோய்ப்பரவல் என எது வந்தாலும் இவற்றுள் ஒன்றோ பலவோ நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முதலில் எழுத வேண்டியது, அது இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்க முடியும் என்பதைத்தான். வேகவைத்து உரித்த நண்டுச் சதைக்குக் குளிர்ச்சி விட்டுப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். சரக்கின் எடைக்குச் சமமான எடை ஐஸ் போட்டு மூடிய பெட்டியில் இருக்கும் கணவாய்க்கு அதைவிட நெடுநேரம் கிடைக்கும். அப்படியானால் மின்சாரம் போன நாளில் முதலில் காப்பாற்ற வேண்டியது நண்டுச் சதை. இருக்கிற ஐஸ் முதலில் அங்கேதான் போக வேண்டும். இந்த வரிசையை இருட்டில், மழையில், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வகுக்க இயலாது. அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

இரண்டாவதாக, மாற்று ஏற்பாடு எதுவாயினும், முதல் ஏற்பாட்டைக் கெடுத்த அதே காரணம் அதையும் கெடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று கருதுகிறேன். மின்சாரத்துக்கு மாற்று ஜெனரேட்டர். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய வெள்ளமே தரையில் இருந்த ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டது. சொந்தக் குளிர்பெட்டிக்கு மாற்று பக்கத்து ஐஸ் கம்பெனி. ஆனால் இரண்டுக்கும் ஒரே மின்பாதையில் மின்சாரம் வருகிறது என்றால் அது மாற்றே இல்லை. விற்காத மீனைக் கருவாடாக்கிவிடலாம் என்று பலர் எழுதி வைக்கிறார்கள். ஏப்ரலில் அது சரி. நவம்பரில், மீன் தேங்குவதற்குக் காரணமான அதே மழைதான் வெயிலையும் மறைத்து நிற்கும். 2024இல் தண்ணீர் எட்டிய உயரத்தைச் சுவரில் வண்ணத்தால் குறித்து, அதற்கும் மேலே ஒரு மேடை கட்டி ஜெனரேட்டரை ஏற்றுங்கள். புகை வெளியேற வழியுள்ள திறந்த இடமாகவும் அது இருக்க வேண்டும். நனைந்த இயந்திரத்தை மின்பணியாளர் பார்க்காமல் இயக்கக் கூடாது என்பதையும் அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, கொள்முதலை நிறுத்தும் முடிவு. செலவே இல்லாத பாதுகாப்பு இதுதான், ஆனாலும் எல்லோரும் இதைக் கடைசியில்தான் எடுக்கிறார்கள். படகுக்காரர்களிடம் நாளைக்கு முகம் கொடுக்க வேண்டுமே என்ற தயக்கம் புரிகிறது. அதற்காகவே அமைதியான காலத்தில் அவர்களோடு பேசி, தண்ணீர் வாசற்படியைத் தொட்டாலோ, மின்சாரம் நின்று இவ்வளவு நேரம் ஆனாலோ அன்றைக்கு வாங்குவதில்லை என்று சொல்லி வையுங்கள். அடையாளம் உங்கள் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். வானொலியோ கைப்பேசியோ சொன்னால்தான் தெரியும் என்ற நிலையில் அதை வைக்காதீர்கள்.

இராமேஸ்வரத்தில் தங்கும் விடுதி வைத்திருக்கிறேன். பணியாளர்களில் பாதிப்பேர் உச்சிப்புளியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் தினமும் வருபவர்கள். பாலம் மூடப்பட்டால் எத்தனை நாளுக்கு ஏற்பாடு செய்து வைப்பது?
— இராமேஸ்வரம் வாசகர்

ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் உங்களைத் தவறான வழியில் விட்டவன் ஆவேன். இந்தத் தீவின் வரலாற்றிலேயே அதற்கான பாடம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவுக்கு அந்த ரயில் பாதையை விட்டால் படகுதான். பிற்காலத்தில் 2022 டிசம்பரில், பழைய பாலத்தின் நிலையைக் கருதி ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது சில நாளில் மீளும் என்றே பலரும் நினைத்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகே ரயில் மீண்டும் தீவுக்குள் வந்தது. இரண்டு ஆண்டுக்கும் மேலாக, வடநாட்டு யாத்திரிகர்கள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கிச் சாலை வழியாக வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தாக்குப்பிடித்த விடுதிகள், ரயில் நிலையத்திலிருந்தே விருந்தினரை அழைத்து வர வண்டி ஏற்பாடு செய்தவையே.

எனவே திட்டத்தை மூன்று காலஅளவுக்கு எழுதுங்கள். காற்று மிகும்போது ரயிலை நிறுத்துவது வழக்கமான நடைமுறை. அது சில மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ உரியது. அதற்கு வேண்டியது விருந்தினருக்கு உண்மையை முன்கூட்டியே சொல்வது மட்டுமே. ஒரு வாரம் என்றால் பால், காய்கறி, டீசல், எரிவாயு ஆகியவற்றின் இருப்பும், தீவுக்குள்ளேயே குடியிருக்கும் பணியாளர்களை மட்டும் வைத்து எத்தனை அறை நடத்த முடியும் என்ற கணக்கும் வேண்டும். நாற்பது அறை இருந்தால் அத்தனையையும் அரைகுறையாக நடத்துவதைவிடப் பதினைந்தை ஒழுங்காக நடத்துவது மேல். அதற்கும் மேல் நீண்டால் தொழிலையே வேறு அமைப்பில் நடத்த வேண்டும். அந்த முடிவை எந்த நாளில் உட்கார்ந்து பேசுவது என்பதை மட்டுமாவது இப்போதே குறித்துவிடுங்கள். பத்தாம் நாள் என்று நீங்கள் எழுதினால், பத்தாம் நாள் நிலைமை சீராகிவிடும் போலத் தோன்றினாலும் பேச வேண்டும். நாளை சரியாகிவிடும் என்ற நம்பிக்கையிலேயே ஒவ்வொரு நாளாகக் கழித்துவிட்டு, கையிருப்பு தீர்ந்த பிறகு விழித்தவர்கள் ஏராளம்.

இன்னும் ஒன்று. கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தால் கைப்பேசிப் பணப்பரிமாற்றமும் நிற்கும். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம், நிரம்பிய மேல்நிலைத் தொட்டி, தங்கியிருப்போரின் பெயரும் மருந்துத் தேவையும் எழுதிய ஒரு காகிதப் பட்டியல் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070 என்ற எண்களை வரவேற்பறைச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதி வையுங்கள்.

வாடைக்காற்று பலமாகும் என்று வடகடலில் (பாக் விரிகுடா) நின்ற எங்கள் விசைப்படகைத் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) மாற்றிக் கட்டினோம். முதலில் பாதுகாப்பாகத்தான் இருந்தது. பிறகு காற்று திரும்பித் தென்கடலிலேயே படகை மோதிவிட்டது. மாற்றாமலே இருந்திருக்கலாமோ?
— பாம்பன் வாசகர்

மாற்றியது சரியான செயல்தான். அந்த மாற்றத்தோடு திட்டம் முடிந்துவிட்டதாகக் கொண்டதில்தான் இழப்பு நேர்ந்தது. கிழக்கிலிருந்து மேற்காக நகரும் புயல் நம்மை நெருங்கும்போது, நம் பக்கம் முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும். மையம் நமக்குத் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கு, கிழக்கு என்று திரும்பித் தென்கிழக்கில் முடியும். மையம் நமக்கு வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு வழியாகத் தென்மேற்குக்குத் திரும்பும். எந்தப் பக்கம் கடந்தாலும் இறுதியில் தெற்குக் கூறுள்ள காற்று வரும் என்பதே உங்களுக்கு முக்கியம். தொடக்கத்தில் மறைவாக இருந்த தென்கடல், பின்பாதியில் காற்றை நேராக வாங்கும். மையமே தலைக்கு மேல் கடந்தால், காற்று அடங்கி ஓய்ந்தது போலிருந்து சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தோடு வரும். அந்த ஓய்வில் படகைப் பார்க்கப் போகவே கூடாது.

ஆகவே தென்கடலில் கட்டும்போதே, பின்னால் வரப்போகும் தெற்குக் காற்றைக் கருதி நங்கூரத்தையும் கயிற்றையும் இரு திசைக்கும் போட்டு, படகுகளுக்கிடையே இடைவெளி விட்டு, உரசும் இடங்களில் பழைய டயர்களைத் தொங்கவிட்டு முடித்துவிட வேண்டும். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் என்றால் கரையில் மேடான இடத்துக்கு இழுத்து ஏற்றிவிடுவதே மேல். காற்று திரும்பிய பிறகு ஆளை அனுப்பி மாற்றிக் கட்டலாம் என்று எழுதும் திட்டம் ஓர் உயிரைப் பணயம் வைக்கிறது. அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். படகுக்குப் பணம் தேடிவிடலாம். கடலில் ஆள் சிக்கியிருப்பது தெரிந்தால் தாமதிக்காமல் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழையுங்கள்.

எங்கள் ஐஸ் கம்பெனியில் எல்லா முடிவும் அண்ணன்தான் எடுப்பார். சென்ற பருவமழையில் அவர் மதுரை மருத்துவமனையில் இருந்தபோது மின்சாரமும் தொலைபேசியும் போயின. எந்தப் படகுக்கு ஐஸ் கொடுப்பது, இயந்திரத்தை நிறுத்துவதா என்று யாரும் துணிந்து சொல்லவில்லை. அண்ணனிடம் இதை எப்படிப் பேசுவது?
— தொண்டி வாசகர்

இந்தியத் துறைமுகங்களின் எச்சரிக்கைக் கூண்டு எண்களை அவரோடு சேர்ந்து ஒருமுறை படியுங்கள். 1 முதல் 10 வரை உள்ளவை வானிலையின் கடுமையையும் புயல் எந்தப் பக்கம் கடக்கும் என்பதையும் சொல்கின்றன. 11ஆம் எண் மட்டும் வேறு வகையானது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாகத் துறைமுகத்தில் இருக்கும் அலுவலரே கருதுகிறார் என்பது அதன் பொருள். மேலிடத்திலிருந்து சொல் வராமற்போகும் என்பதை முன்பே எண்ணி, அந்த நேரத்தில் களத்தில் இருப்பவரே முடிவெடுக்க அதிகாரம் தரும் ஏற்பாடு அது. உங்கள் கம்பெனிக்கும் அப்படி ஓர் ஏற்பாடு தேவை. அண்ணனின் அதிகாரம் இதனால் குறைந்துவிடாது. அவர் நலமாக இருக்கும்போது அவர் கையாலேயே எழுதிக் கொடுக்கும் முடிவு இது.

ஒரு தாளில் அண்ணனுக்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர் என்று இரு பெயர்கள் இருக்கட்டும். அண்ணனை அரை மணி நேரம் முயன்றும் தொடர்புகொள்ள முடியாவிட்டால் அடுத்தவர் பொறுப்பேற்கலாம் என்றும், அவர் எந்த அளவு பணம் செலவிடலாம், எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யக் கூடாது என்றும் எழுதுங்கள். ஐஸ் பங்கீட்டு வரிசையையும் முன்பே முடிவு செய்யுங்கள். நெருக்கடியில் அன்பும் உறவும் பார்த்துக் கொடுத்தால் பிறகு ஊரில் மனக்கசப்புத்தான் மிஞ்சும். உங்கள் ஆலை அமோனியாவில் இயங்குவதானால், கசிவு தெரிந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தவும் ஆட்களை வெளியேற்றவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே தாளின் முதல் வரியாக வேண்டும். ஒன்றுகூடும் இடமாக எப்போதும் ஒரே இடத்தைக் குறிக்காமல், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டைக் குறியுங்கள். தென்காற்றுக் காலமான சோழகத்தில் காற்று வீசும் பக்கமும் வாடையில் வீசும் பக்கமும் வேறு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகக் கசிவை விட்டு விலகிச் செல்வதே உயிரைக் காக்கும். கூரைமேல் ஒரு துணிக்கொடி கட்டினால் அன்றைய திசை எல்லோருக்கும் தெரியும்.

கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு நாங்கள். கடையோ கணக்கரோ எங்களுக்கு இல்லை. எங்களுக்கும் இப்படித் திட்டமெல்லாம் வேண்டுமா?
— வேதாளை வாசகி

கண்டிப்பாக வேண்டும், சகோதரி. நீங்கள் இழந்தால் ஈடுகட்ட உங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்பதால் மற்றவர்களைவிட உங்களுக்கே அது அதிகம் தேவை. பன்னிரண்டு அடிச் சதுர மூங்கில் மிதவை ஒன்றுக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டி, ஏறத்தாழ 45 நாள் காத்திருந்து அறுவடை செய்கிறீர்கள். மிதவை உடைந்தால் மூங்கிலும் கயிறும் வாங்கிவிடலாம். விதைப்பாசி மொத்தமும் போய்விட்டால் அடுத்த சுற்றைத் தொடங்கவே வழியில்லை. ஆகையால் உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு கேள்விக்கு விடை இருந்தால் போதும்: விதை எங்கே பிழைக்கும்? வேறொரு கடற்கரையில், முடிந்தால் மற்றக் கடலில், இன்னொரு குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்கள் விதையில் ஒரு பங்கு உங்களிடமும் உங்கள் விதையில் ஒரு பங்கு அவர்களிடமும் வளரட்டும். பெருமழையில் கடல்நீரின் உப்பு குறைந்தாலும் பாசி நலிந்துவிடும் என்பதால், காற்றில்லாத நாளிலும் இது உதவும். முதிர்ந்த பாசி மிதவையில் இருக்கையில் எச்சரிக்கை வந்தால், 45 நாள் நிறையவில்லையே என்று பார்க்காமல் அறுத்துவிடுங்கள். குறைந்த எடைக்குக் கிடைக்கும் காசு கடலோடு போவதைவிட நல்லது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் விதைப் பராமரிப்பு குறித்து நேரில் கேளுங்கள்.

காப்பீடு இருந்தால் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா?
— கீழக்கரை வாசகர்

காப்பீடு கட்டாயம் எடுங்கள். ஆனால் அது எதைத் தராது என்பதைப் படித்துவிட்டு எடுங்கள். மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான வடிவில் காப்பீடு கிடைக்கிறது. தீயோடு புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். கடை மூடிக்கிடந்த நாள்களின் வருமானமும், வெறும் மின்தடையால் குளிர்பெட்டியில் கெட்ட சரக்கும் பொதுவாக அதில் வராது. அவற்றுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். சேதத்தை அப்புறப்படுத்துவதற்கு முன் புகைப்படம் எடுங்கள். கொள்முதல் கணக்கின் நகலை வேறொரு வீட்டில் வையுங்கள். நனைந்துபோன கணக்குப் புத்தகத்தால் இழப்பை நிறுவ முடியாது.

திட்டத்தை ஆண்டுக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்?
— தேவிபட்டினம் வாசகர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும். உட்கார்ந்து திருத்தி எழுத அது வசதியான நேரம். ஒத்திகையை மட்டும் வேலை மும்முரமாக நடக்கும் ஒரு நாளில், அக்டோபருக்கு முன் வையுங்கள். முன்னறிவிப்பில்லாமல், ஆனால் ஆபத்தான வேலை எதுவும் நடக்காத நேரமாகப் பார்த்து, முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சாவி யாரிடம், டீசல் எங்கே, எண் எழுதிய தாள் எங்கே என்று தேடும்போதே பாதிக் குறைகள் வெளிப்பட்டுவிடும். இது தவிர, உண்மையான இடர் ஒன்று வந்து போனால் அந்த வாரத்திலேயே, களத்தில் நின்றவர்கள் அத்தனை பேரையும், கூலிக்கு வருபவர்கள் உட்பட, கூப்பிட்டு வைத்துத் தாளில் இருந்தபடி நடக்காதவை எவை என்று கேட்டுத் திருத்துங்கள். திருத்திய தேதியை மேலே எழுதி, பழைய தாளைச் சுவரிலிருந்து அகற்றிவிடுங்கள்.